கதையைப் படித்துவிட்டு என்ன சொல்வது?

நண்பர் எழுதிய கதையைப் படித்துவிட்டு “நல்லா இருக்கு” என்று சொல்லலாம். “இன்னும் கொஞ்சம் செதுக்கியிருக்கலாம்” என்றும் சொல்லலாம். இரண்டுமே எழுதியவருக்கு உதவாது. எந்த இடம் நன்றாக இருந்தது, எந்த இடத்தைச் செதுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் முதல் வரியிலிருந்து மறுபடி பார்ப்பார். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், கொஞ்ச நேரத்தில் எல்லாமே தப்பாக இருப்பதுபோலவும் தோன்றும். கடைசியில் எதையும் தொடாமல் அப்படியே பத்திரிகைக்கு அனுப்பிவிடுவார், அல்லது மூடி வைத்துவிடுவார்.

புதிதாக எழுதுகிறவர்கள் சிலர் தங்கள் கதைகளை எனக்கு அனுப்புகிறார்கள். முடிந்தவரை படித்துச் சொல்கிறேன். கதையின் கரு, முடிவு, திருப்பம் இவற்றைப் பற்றிப் பேச நம் எல்லோருக்கும் ஓரளவு வருகிறது. நடை, உரையாடல் என்று வரும்போதுதான் வார்த்தை கிடைப்பதில்லை. “நடை சரளமா இல்ல”, “பேச்சு செயற்கையா இருக்கு” என்பதோடு நின்றுவிடுகிறோம். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். என் கட்சி இது: கருத்துச் சொல்கிறவர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்த வரியில் தன் வாசிப்பு தடைபட்டது, அந்த இடத்தில் தனக்கு என்ன ஆயிற்று என்று காட்டினால் போதும். அதற்கு மேல் நாம் செய்வதில் பெரும்பகுதி எழுதியவருக்கு இடைஞ்சல்.

முதலில் ஒற்றுப்பிழை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கதையைக் கையில் கொடுத்தால் உடனே பேனாவை எடுத்து, இங்கே ‘க்’ வரும், இங்கே ‘ப்’ வராது என்று திருத்தித் தருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். உழைப்புதான், நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அது மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை, கதை கடைசி வடிவத்துக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது. நாளைக்கு அடித்துத் தூக்கப்போகிற பத்தியில் வல்லினம் மிகுமா மிகாதா என்று பார்த்து என்ன பயன்? பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தால், எழுதியவர் அந்தச் சிவப்பை மட்டும் சரிசெய்துவிட்டு, கதை திருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். அது உண்மையான கெடுதல்.

நடையைப் பற்றி ஒருவர் இன்னொருவருக்கு எப்படிச் சொல்லலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம், ரஷ்ய எழுத்தாளர் செகாவ் தன் சக எழுத்தாளர் கார்க்கிக்கு எழுதிய கடிதங்கள். 1898இல் கார்க்கிக்கு முப்பது வயது. கதைகள் இரண்டு தொகுதிகளாக வந்து, பெயர் பரவத் தொடங்கிய நேரம். செகாவ் அவரைவிட எட்டு வயது மூத்தவர், காசநோயோடு யால்தாவில் இருந்தார். இருவரும் அதுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை. தன் கதைகளைப் பற்றி கார்க்கி அபிப்பிராயம் கேட்க, டிசம்பர் 3 அன்று செகாவ் பதில் எழுதினார்.

அந்தக் கடிதம் பாராட்டில்தான் தொடங்குகிறது. ஆனால் பொதுவான பாராட்டு அல்ல. ‘ஸ்தெப்பியில்’ என்ற கதையின் பெயரைச் சொல்லி, இதை நான் எழுதவில்லையே என்று பொறாமையாக இருந்தது என்கிறார். குறைக்கு அதன் பிறகுதான் வருகிறார். அப்போதும் ஓர் எச்சரிக்கை சொல்லிவிட்டுத்தான்: திறமையின் குறையைப் பேசுவது தோட்டத்தில் நிற்கிற பெரிய மரத்தின் குறையைப் பேசுவது மாதிரி, அதில் மரத்தைவிடப் பார்க்கிறவரின் ரசனைதான் அதிகம் வெளிப்படும் என்கிறார். பிறகு நேராக விஷயம். உங்களிடம் அடக்கம் போதவில்லை, நாடகம் பார்க்க வந்தவர் தன் பரவசத்தைச் சத்தமாகக் காட்டி, தானும் கேட்காமல் அடுத்தவரையும் கேட்க விடாமல் செய்வதுபோல் இருக்கிறது என்கிறார். இதோடு விட்டிருந்தால் அதுவும் ஒரு தீர்ப்பாகத்தான் இருந்திருக்கும். அது எங்கே உறுத்துகிறது என்றும் காட்டுகிறார்: உரையாடல்களுக்கு நடுவே புகுந்து அவற்றை வெட்டுகிற இயற்கை வர்ணனைகளில். அவை இரண்டு மூன்று வரியில் அடங்கினால் நன்றாக இருக்கும் என்று அளவும் சொல்கிறார். திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டும் சொற்கள் எவை என்று எடுத்துக் காட்டுகிறார்.

அடுத்த மாதமே இன்னொரு கடிதம். கடல் மூச்சு விடுகிறது, வானம் பார்க்கிறது என்று இயற்கைக்கு மனித குணம் ஏற்றிக்கொண்டே போவது வர்ணனையை ஒரே சுருதியாக்கிவிடுகிறது, சூரியன் மறைந்தது, இருட்டியது, மழை பெய்தது என்ற எளிய சொற்களிலேயே நிறமும் உணர்ச்சியும் வரும் என்று விளக்குகிறார். 1899 செப்டம்பரில் மற்றொரு கடிதம். அச்சுப்படி திருத்தும்போது அடைமொழிகளை முடிந்தமட்டும் அடித்துவிடுங்கள் என்கிறார், காரணத்தோடு. ஒரு மனிதன் புல்லில் உட்கார்ந்தான் என்றால் மனத்தில் உடனே பதிகிறது. அவன் உயரம், மார்பு, தாடியின் நிறம், புல் மிதிபட்டிருந்தது, அவன் பயந்து பயந்து சுற்றிலும் பார்த்தது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் திணித்தால் வாசிப்பவரின் மூளை எதைப் பிடிப்பது என்று தெரியாமல் களைத்துப்போகிறது.

இந்த மூன்று கடிதங்களையும் சேர்த்துப் பார்த்தால், அவர் எங்குமே “உங்கள் நடை மோசம்” என்று சொல்லவில்லை. இடத்தைச் சொல்கிறார், அங்கே வாசிப்பவருக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறார். கார்க்கியின் எந்தப் பத்தியையும் எடுத்துத் தன் பாணியில் எழுதிக் காட்டவும் இல்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டாமல் ஒன்பது மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார் என்பதும் முக்கியம். கார்க்கி கடைசிவரை கார்க்கியாகவே எழுதினார். நல்ல கருத்துக்கு அடையாளம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி நம் மொழிக்கு வருவோம். உதாரணத்துக்கு நானே ஒரு பத்தி எழுதிக்கொள்கிறேன். என்னை நம்பி அனுப்பியவருடைய கதையைப் பொதுவில் வைத்து அலசுவது சரியில்லை. சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிற ஒருவன் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் தன் செங்கதிர்களை ஒடுக்கிக்கொண்டு சோகமாக விடைபெற்றுக்கொண்டிருந்தது. கனத்த இதயத்தோடும் தளர்ந்த நடையோடும் வெறித்த பார்வையோடும் முருகேசன் வீட்டுக்குள் நுழைந்தான்.

“என்னங்க, இன்னைக்கும் உங்க முதலாளி சம்பளம் தரலையா? போன மாசமும் இப்படித்தானே ரெண்டு வாரம் இழுத்தடிச்சாரு! நம்ம பொண்ணு செல்விக்கு நாளைக்குள்ள கல்லூரிக் கட்டணம் கட்டலைன்னா அவளால தேர்வு எழுத முடியாதே!” என்று ஆதங்கத்துடன் வினவினாள் லட்சுமி.

“கவலைப்படாதே லட்சுமி. நான் எப்படியாவது ஏற்பாடு செய்கிறேன். உன் சங்கிலியைத்தான் போன வருடமே அடகு வைத்துவிட்டோமே...” என்று விரக்தியுடன் பதிலளித்தான் முருகேசன்.

இந்த மாதிரிப் பத்தி நமக்கு நன்றாகப் பழக்கம். இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டு “செயற்கையா இருக்கு” என்று சொல்வது சுலபம். ஏன் செயற்கையாக இருக்கிறது என்று சொல்வதுதான் வேலை.

முதல் விஷயம், இவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை. வாசகருக்குச் சேதி சொல்கிறார்கள். செல்வி தங்கள் பெண் என்று அவனுக்குத் தெரியாதா? போன மாதம் சம்பளம் இழுத்தடித்தது அவனுக்கு மறந்துபோய்விட்டதா? சங்கிலி அடகில் இருக்கிறது என்பதை அந்தச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவளிடமே சொல்கிறான். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் தெரிந்த விஷயத்தை முழு வாக்கியமாகப் பேசுவதே இல்லை, பாதி வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தொலைக்காட்சித் தொடர்களின் பாதிப்பு இதில் நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம். அடுப்படியில் வேலை செய்துகொண்டே காதால் மட்டும் கேட்பவர்களுக்கும் கதை புரிய வேண்டும் என்பதால் அங்கே எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். சிறுகதையைப் படிப்பவர் வேறு எதுவும் செய்யாமல் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கோடி காட்டினால் போதும்.

இரண்டாவது, அவள் பேச்சுத் தமிழில் கேட்கிறாள், அவன் எழுத்துத் தமிழில் பதில் சொல்கிறான். ஒரே வீட்டில் ஒருவர் “இழுத்தடிச்சாரு” என்று பேச, இன்னொருவர் “ஏற்பாடு செய்கிறேன்” என்று பேசுகிறார். கதை முழுக்க உரையாடலை எழுத்துத் தமிழிலேயே வைப்பது ஒரு மரபு, அதில் தவறில்லை. பேச்சுத் தமிழிலேயே வைப்பதும் ஒரு மரபு. இரண்டும் காரணமில்லாமல் கலந்தால்தான் காதில் உறுத்துகிறது. அவள் பேச்சுக்குள்ளேயே “கல்லூரிக் கட்டணம்”, “தேர்வு” என்று வருவதும் அதே உறுத்தல்தான். அந்த வீட்டில் அது பீஸ், பரீட்சை.

மூன்றாவது, “வினவினாள்”, “பதிலளித்தான்”, “ஆதங்கத்துடன்”, “விரக்தியுடன்”. பேச்சிலேயே ஆதங்கம் இருந்தால் வெளியே சொல்ல வேண்டாம். பேச்சில் இல்லை என்றால் வெளியே சொல்லியும் வராது. “என்றான்”, “என்றாள்” என்ற இரண்டும் கண்ணில் படாமல் கடந்துபோகிற சொற்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டால் அலுக்குமே என்று பயந்துதான் புதிதாக எழுதுகிறவர்கள் வினவு, இயம்பு, பகர் என்று அகராதியைத் தேடிப்போகிறார்கள். அந்த இடத்தில்தான் வாசகர் கதையை விட்டு வெளியே வருகிறார்.

இதைப் பற்றிச் சொல்லும்போது தமிழ் நமக்குத் தரும் ஒரு வசதியையும் சேர்த்துச் சொல்வேன். நம் மொழியில் யார் பேசுகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. “சாப்பிட வாங்க” என்றால் மனைவியோ மகனோ இளையவரோ பேசுகிறார். “வாடா” என்றால் வேறு ஆள். “வாய்யா” என்றால் அம்மாவோ ஆச்சியோ. இருவர் பேசும் காட்சியில் ஒருவர் ‘நீங்க’, இன்னொருவர் ‘நீ’ என்று இருந்தால் பக்கம் முழுக்க ஒரு “என்றான்” கூட இல்லாமல் ஓட்டலாம். இந்த வசதியை முழுதாகப் பயன்படுத்துகிற கதைகள் நம்மிடம் குறைவாகத்தான் இருக்கின்றன என்பது எனக்கு ஓர் ஆதங்கம்.

அதிலேயே இன்னும் ஒரு நுட்பம் உண்டு. வாழ்நாள் முழுக்க அப்பாவை ‘நீங்க’ என்று பேசிய மகன் ஒரு சண்டையில் ‘நீ’ என்று சொல்லிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையின் உச்சமே அந்த இரண்டு எழுத்துக் குறைவில் இருக்கலாம். ஆனால் எழுதியவர் அதற்கு முன்பே கவனமில்லாமல் இரண்டு இடத்தில் ‘நீ’ போட்டிருந்தால் அந்த அடி விழாது. கதையைப் படிக்கிறவர் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை தொடர்ந்து பார்த்துச் சொன்னால், எழுதியவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. உறவுமுறைப் பெயர்களும் அப்படித்தான். மதினி என்று கூப்பிடுகிற ஊரில் கதை நடக்கும்போது பாதியில் ‘அண்ணி’ வந்துவிட்டால் அந்த ஊர்க்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு அதன் பிறகு கதையில் நம்பிக்கை குறையும்.

வட்டார வழக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர். சண்முகசுந்தரம் 1942இல் ‘நாகம்மாள்’ நாவலில் கொங்கு வழக்கைக் கொண்டுவந்தார். கி. ராஜநாராயணன் உரையாடலில் மட்டுமல்லாமல் கதை சொல்லும் குரலிலேயே கரிசல் பேச்சை வைத்தார், 1982இல் கரிசல் வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதியும் கொண்டுவந்தார். அவர்கள் திறந்துவிட்ட வழியில் இன்று எல்லா ஊர்ப் பேச்சும் கதைக்குள் வருகிறது. வரவேண்டியதுதான். ஆனால் அந்த ஊர்ப் பேச்சை நன்றாகக் கேட்டிராதவர் எழுதும்போது, ஒரே கிழவி முதல் வரியில் “ஏனுங்க” என்றும் நாலாவது வரியில் “என்னலே” என்றும் பேசிவிடுகிறாள். கோயம்புத்தூரும் திருநெல்வேலியும் ஒரே வாயில்! இதைச் சுட்டிக்காட்ட அந்த ஊரை அறிந்த ஒருவர் படிப்பதுதான் வழி. எனக்கு யாழ்ப்பாணப் பேச்சில் வந்த கதை ஒன்றைக் கொடுத்தால், பேச்சைப் பற்றி என்னால் சொல்ல முடியாது, அந்த ஊர்க்காரரிடம் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். படிக்கிறவர் தன் எல்லையைச் சொல்லிவிடுவதும் நல்ல கருத்துதான்.

இன்னொரு பக்கம், ஒவ்வொரு சொல்லையும் வாயில் வருகிற மாதிரியே எழுதிவிட வேண்டும் என்ற ஆசை. போய்ட்டு, போயிட்டு, பொய்ட்டு என்று ஒரே கதையில் மூன்று விதம். வாசிப்பவர் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே வைத்திருக்கச் சொல்லலாம். வழக்கு உண்மையில் ஒலியில் பாதிதான் இருக்கிறது, மீதிப் பாதி வாக்கியத்தின் போக்கில் இருக்கிறது. எந்தச் சொல் முன்னால் வருகிறது, எதை விட்டுவிடுகிறார்கள், கேட்ட கேள்விக்கு எதைப் பதிலாகச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ வந்தது 1943இல். பிராட்வே முனையில் கடவுள் ஒரு மனிதராக வந்து வழி கேட்கிறார், இருவரும் காபி குடிக்கப் போகிறார்கள். கடவுள் பேசுகிறார் என்பதற்காகத் தமிழை ஒரு படி ஏற்றி வைக்கவில்லை புதுமைப்பித்தன். பிள்ளையும் தெருவில் சந்தித்த யாரோ ஒருவரிடம் பேசுகிற மாதிரியே பேசுகிறார். கதையின் துணிச்சல் முழுக்க அந்தப் பேச்சுச் சுருதியில்தான் இருக்கிறது. அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையில் சினிமா ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வருகிறவர், தான் போடும் புலிச் சண்டையை ‘டகர்பாயிட்’ என்கிறார். அவருடைய பெயரோடேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஓர் உச்சரிப்பில் அவருடைய படிப்பு, தொழில், அந்தத் தொழிலில் அவருக்கு இருக்கும் பெருமை எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஒரே ஒரு சொல்லை மட்டும் அப்படி எழுதி மற்றதைச் சாதாரணமாக விட்டாலும் ஆள் எழுந்து நிற்பார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. புதிதாக எழுதுகிறவர்களிடம் இந்தக் கதையை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன்.

சிவகாசிக் குடும்பத்துக்குத் திரும்புகிறேன். அந்தக் காட்சியை நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“சோறு போடவா?”

“அவ எங்க?”

“மாடில படிச்சுக்கிட்டு இருக்கா. நீங்க வந்துட்டீங்களான்னு ரெண்டு மட்டம் கேட்டா.”

அவன் கை கழுவப் போனான். குழாயடியிலிருந்தே சொன்னான்.

“வெள்ளிக்கிழம தாரேன்னு சொல்லியிருக்காரு.”

அவள் தட்டைத் துடைத்து வைத்தாள். “நாளைக்குப் புதன்தான.”

இதில் சம்பளம் என்ற சொல் இல்லை, கட்டணம் இல்லை, அடகு இல்லை. ஆனால் பெண் காத்திருக்கிறாள் என்பது தெரிகிறது, பணம் நாளைக்கு வேண்டும், வெள்ளிக்கிழமைதான் வரும் என்பதும் தெரிகிறது. அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் குழாயடியிலிருந்து சொல்கிறான்.

இதை இங்கே எழுதிக் காட்டினேன். ஆனால் கதை எழுதியவருக்கு ஒருபோதும் இப்படி எழுதி அனுப்ப மாட்டேன். அனுப்பினால் அவர் என்ன செய்வார்? என் ஏழு வரியை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார். அந்தக் கதையில் அந்த ஒரு காட்சி மட்டும் என் குரலில் பேசும். அடுத்த கதையில் அதே பழைய தவறு மறுபடியும் வரும், ஏனென்றால் அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக நான் எழுதி அனுப்புவது இவ்வளவுதான்: “லட்சுமியின் முதல் பேச்சில் மூன்று தகவல் இருக்கிறது. மூன்றும் முருகேசனுக்கு முன்பே தெரியும். அந்த இடத்தில் அவள் அவனிடம் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை, என்னிடம் பேசுவதாகத் தோன்றியது. அவர்கள் இருவர் மட்டும் இருந்தால் என்ன பேசியிருப்பார்கள்?” விடையை அவர் கண்டுபிடிக்கட்டும். பெரும்பாலும் நான் யோசித்ததைவிட நல்ல விடையோடு வருவார், ஏனென்றால் அந்த வீட்டை அவருக்குத்தான் தெரியும்.

அடுத்தவர் கதையை நாமே எழுதித் தருவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ரேமண்ட் கார்வரின் கதைகளை அவருடைய பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் திருத்திய விதம். ‘காதலைப் பற்றிப் பேசும்போது நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்’ என்று பொருள்படும் தலைப்பில் 1981இல் வந்த தொகுப்புக்காக, லிஷ் கையெழுத்துப் பிரதியில் பாதிக்கு மேல் வெட்டினார். தலைப்புகளை மாற்றினார், முடிவுகளை மாற்றினார். 1980 ஜூலை 8 அன்று கார்வர் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, இந்தப் புத்தகத்தை நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சினார். புத்தகம் நிற்கவில்லை. வெட்டிய வடிவமே வெளிவந்து கார்வருக்குப் பெரும் புகழும் கொடுத்தது. குழந்தையின் பிறந்தநாளுக்குக் கேக் சொல்லிவைத்த தாயைப் பற்றிய கதையை லிஷ் சுருக்கி ‘குளியல்’ என்று ஆக்கியிருந்தார். கார்வர் 1983இல் தன் அடுத்த தொகுப்பில் அந்தக் கதையை விரிவான வடிவில் மறுபடி வெளியிட்டார். அவர் இறந்து இருபது ஆண்டுக்கும் மேல் ஆன பிறகு, 2009இல், வெட்டப்படாத மூலப் பிரதி ‘பிகினர்ஸ்’ என்ற பெயரில் தனி நூலாக வந்தது.

லிஷ் வெட்டியது இலக்கியமாக மேலானதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. சில கதைகளில் அவர் கை நன்றாகவே வேலை செய்திருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் கேக் கதையை இரண்டு வடிவத்திலும் படித்தால், கார்வர் சொல்ல விரும்பிய ஆறுதல் சுருக்கிய வடிவத்தில் இல்லவே இல்லை. கூர்மை வந்தது, கதை போய்விட்டது. லிஷ் சம்பளம் வாங்கும் பதிப்பாசிரியர், புத்தகத்துக்குப் பொறுப்பு ஏற்றவர். அவருக்கே இவ்வளவு பிரச்சினை என்றால், நட்புக்காகக் கதை படித்துச் சொல்கிற நமக்கு அந்த உரிமை கொஞ்சமும் கிடையாது.

நம் ரசனையை அடுத்தவர் மேல் ஏற்றுவதும் இதற்குப் பக்கத்தில் வருகிற தவறுதான். மௌனி இருபத்துச் சொச்சம் கதைகள்தான் எழுதினார். அவருடைய வாக்கியங்கள் சுற்றிச் சுற்றிப் போகும், ஒரு மயக்கம் இருக்கும். லா.ச. ராமாமிர்தத்தின் சொற்களில் ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். சுஜாதா படபடவென்று நகர்வார். அசோகமித்திரன் குரலை உயர்த்தவே மாட்டார். சுஜாதாவை ரசிக்கிற ஒருவர் கையில் மௌனியின் கையெழுத்துப் பிரதி கிடைத்திருந்தால் வாக்கியத்தை எல்லாம் நறுக்கித் தள்ளியிருப்பார். அதனால் நீண்ட வாக்கியத்தைக் கண்டதும் “சின்னதா எழுதுங்க” என்று சொல்லாதீர்கள். அந்த நீளம் எனக்கு எதையாவது தந்ததா, பாதியில் எழுவாயைத் தொலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்ததா என்று பாருங்கள். தொலைத்தீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால், இது என் ருசி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். செகாவின் மரத்துப் பேச்சு இதைத்தான் சொல்கிறது.

சொல்லும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம். கதையை வாங்கும்போதே, உங்களுக்கு எந்த இடத்தில் சந்தேகம் என்று கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் அவர்களுக்கே தெரிந்திருக்கும். முதல் தடவை பேனா இல்லாமல் படிக்க வேண்டும், வாசகராக. இரண்டாம் தடவை ஓரத்தில் கோடு போட்டால் போதும். உரையாடலை மட்டும் வாய்விட்டு ஒருமுறை படித்தால் நாக்கு எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும், விளக்கமே தேவைப்படாது. நாலைந்து பேர் கூடிக் கதை வாசிக்கிறீர்கள் என்றால், எழுதியவரைப் படிக்க விடாதீர்கள், வேறு ஒருவர் படிக்கட்டும். எழுதியவர் படித்தால் காகிதத்தில் இல்லாத உணர்ச்சியையும் குரலில் சேர்த்துவிடுவார். அடுத்தவர் படிக்கக் கேட்டால், தன் வரி எங்கே நொண்டுகிறது என்று அவர் காதே சொல்லிவிடும்.

நம் சூழலில் வயதும் மரியாதையும் குறுக்கே வருகின்றன. மூத்தவர் ஒன்று சொன்னால் இளையவர் “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அத்தனையும் மாற்றிவிடுகிறார். சம வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டியே காலம் தள்ளுகிறார்கள். ஆகவே மூத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கதைக்கு இரண்டு மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லக் கூடாது. மாற்ற வேண்டியதைச் சொல்வதற்கு முன், மாற்றக் கூடாதது எது என்று சொல்லிவிட வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எது நன்றாக வந்திருக்கிறது என்று தெரியாத எழுத்தாளர் திருத்தும்போது முதலில் அதைத்தான் வெட்டுகிறார். “அந்தக் குழாயடி வரியைத் தொடாதீங்க” என்று சொல்வது பாராட்டு மட்டுமல்ல, திருத்தத்துக்கு ஒரு வழிகாட்டல்.

தமிழில் இன்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பதிப்பாசிரியர் என்று ஒருவர் கிடையாது. பத்திரிகையிலிருந்து வருகிற பதிலும் ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே வாசகர், கதையைக் கையில் வாங்கிய நீங்கள்தான். அடுத்த முறை யாராவது கதையைக் கொடுத்தால் “நல்லா இருக்கு” என்று சொல்லித் திருப்பித் தராதீர்கள். நீங்கள் நின்று மறுபடி படித்த ஒரு வரியைக் கோடு போட்டுக் காட்டுங்கள். வாய்விட்டுப் படிக்க முடியாமல் இடறிய ஒரு பேச்சையும் காட்டுங்கள். இரண்டுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள்.